பதினான்காம் மாடியிலிருந்து சிறப்பு அவை வரை: ஒரு லிப்ட் கேள்வி போன வழி

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. திருமணக் கூடாரங்களில் அடுக்கி வைத்திருப்பார்களே, அதே மாதிரி. கைப்பிடி இரண்டிலும் பழைய கைலியைக் கிழித்து முடிச்சுப் போட்டிருந்தார்கள். உட்காருகிறவர் முன்பக்கம் சரியாமலிருக்க இடுப்பில் இன்னொரு துணி. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகவேண்டிய ஒரு பெரியவரை, பதினான்காம் மாடியிலிருந்து இரண்டு மருமகன்கள் அந்த நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். சிகிச்சை முடிந்து வந்ததும் மறுபடி தூக்கி ஏற்ற வேண்டும். ஏற்றுவதுதான் கொடுமை. ஒவ்வொரு மூன்று மாடிக்கும் ஒரு முறை நாற்காலியை வைத்துவிட்டு மூச்சு வாங்குவார்கள்.

நான் அப்போது கோலாலம்பூரில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் வேலை பார்த்தேன். உறுப்பினரை இங்கே 'ஒய்பி' என்றுதான் அழைப்போம். மனு எழுதுவது, கேள்வி தயாரிப்பது, கோப்பு தேடுவது எல்லாம் என் தலையில். அந்தப் பெரியவரின் மனைவிதான் முதலில் வந்தார். அவர் கேட்டது இன்றும் நினைவிருக்கிறது.

"தம்பி, ஒய்பி பார்லிமெண்ட்ல கேட்டா லிப்ட் ஓடுமா?"

"கேட்டுப் பார்ப்போம்மா."

"கேப்பாருன்னு தெரியும்லா. எப்ப கேப்பாரு? அத சொல்லு."

எனக்குப் பதில் தெரியவில்லை. 'எப்போது' என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை விதி, எத்தனை வரிசை, எத்தனை பேருடைய வசதி இருக்கிறது என்பதை அடுத்த மூன்று மாதத்தில்தான் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே பதிந்து வைக்கிறேன். அடுக்குமாடியின் பெயர், தொகுதி, அமைச்சு எதையும் சொல்லப் போவதில்லை. சம்பந்தப்பட்டவர்கள் பலர் இன்னும் அதே நாற்காலிகளில்தான் இருக்கிறார்கள்.

ஒரு லிப்டுக்கு நாடாளுமன்றமா?

வெளியூர் நண்பர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். ஈப்போவிலோ பினாங்கிலோ லிப்ட் ஓடவில்லை என்றால் சட்டமன்ற உறுப்பினரைப் பிடிப்பார்கள், நகராட்சி மன்ற உறுப்பினரைப் பிடிப்பார்கள். கோலாலம்பூர்க்காரனுக்கு அந்த இரண்டு பேருமே இல்லை. 1952இல் இந்த நகரத்தில் நகராட்சித் தேர்தல் நடந்திருக்கிறது. பிறகு 1960இன் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டம் வந்தது, நிர்வாகம் நியமன ஆணையரிடம் போனது. 1974 பிப்ரவரி 1ஆம் தேதி கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானது, சட்டமன்ற ஓட்டும் கையைவிட்டுப் போனது. இன்றைக்கு டத்தோ பண்டாரும், அதாவது மேயரும், நியமனம்தான். ஆக, கெப்போங்கிலிருந்து பண்டார் துன் ரசாக் வரை 11 தொகுதி, 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள். தேர்ந்தெடுத்து அனுப்பிய ஆள் என்று சட்டையைப் பிடித்துக் கேட்க இந்த ஊரில் அவர்கள்தான் உண்டு.

அதனால்தான் 222 பேர் உட்காருகிற அவையில், நாட்டின் வரவு செலவுத் திட்டமும் வெளியுறவுக் கொள்கையும் போகிற அதே வரிசையில், எங்கள் லிப்டும் நிற்கவேண்டியிருந்தது. இது சரியான ஏற்பாடா என்பது தனி விவாதம். என் கருத்து, இல்லை என்பதுதான். ஆனால் அந்த அம்மாவுக்கு விவாதம் வேண்டியதில்லை, லிப்ட்தான் வேண்டும்.

கேள்வி எழுதிய இரவு

இரண்டு லிப்டில் ஒன்று செப்டம்பர் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. மற்றது நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். மக்களவை ஆண்டுக்குச் சாதாரணமாக மூன்று முறை கூடும், ஆண்டின் கடைசிக் கூட்டம் அக்டோபரில், பட்ஜெட்டோடு. வாய்மொழிக் கேள்வி கேட்க வேண்டுமென்றால், கூட்டம் தொடங்குவதற்குப் பத்து வேலை நாள் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதாவது அக்டோபர் கடைசியில் அமைச்சர் எழுந்து பதில் சொல்லப்போகிற கேள்வியை நாங்கள் செப்டம்பரிலேயே எழுதி முடித்திருக்க வேண்டும். இடையில் லிப்ட் ஓடத் தொடங்கினாலும் சரி, கம்பி அறுந்து விழுந்தாலும் சரி, தாளில் இருக்கிற கேள்வி அதேதான்.

அந்த அம்மா வந்தபோது கெடு முடிய இரண்டு நாள்தான் இருந்தது. ஓர் உறுப்பினர் ஒரு கூட்டத்துக்கு இத்தனை கேள்விதான் தரலாம் என்று வரம்பு உண்டு, எங்கள் பட்டியல் நிரம்பிவிட்டது. எதை நீக்குவது? மாணவர் கடனுதவி பற்றி ஒன்று, அந்நியத் தொழிலாளர் உரிமம் பற்றி ஒன்று, காலைச் சந்தை வியாபாரிகளை இடம் மாற்றுவது பற்றி ஒன்று. ஒய்பி சந்தைக் கேள்வியை நீக்கச் சொன்னார். அந்த வியாபாரிகளில் பாதிப்பேர் எனக்குத் தெரிந்தவர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வேறு சந்தையில் காய்கறி வாங்கினேன், அது போகட்டும்.

இரவு பதினொரு மணிக்குக் கேள்வியை மலாயில் எழுதினேன். அவையில் மலாய்தான் மொழி, சபாநாயகர் அனுமதித்தால் ஆங்கிலம். தமிழ் அந்த மண்டபத்துக்குள் மொழிபெயர்ந்துதான் நுழையும். சிவப்பு நாற்காலி, கைலித் துணி, மூன்று மாடிக்கு ஒருமுறை மூச்சு வாங்குவது என்று எல்லாவற்றையும் முதல் வரைவில் எழுதியிருந்தேன். அனுபவமுள்ள ஒரு சகோதரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். கேள்வியில் வாதம் இருக்கக்கூடாது, அபிப்பிராயம் கூடாது, குத்தல் கூடாது என்று அவையின் விதி சொல்கிறது. கதை சொன்னால் செயலகம் வெட்டிவிடும். கடைசியில் மிஞ்சியது இதுதான்: மலிவுவிலை அடுக்குமாடிகளில் எத்தனை லிப்டுகள் பழுதடைந்துள்ளன, அவற்றைச் சீர்செய்ய என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது?

அழகான கேள்வி. விதிக்குப் பொருத்தமான கேள்வி. தோற்றுப்போகவே எழுதப்பட்ட கேள்வி. அது அன்றிரவு எனக்குத் தெரியவில்லை.

முப்பத்தெட்டாம் எண்

கேள்வி எந்த நாளில் வரும், அன்றைய பட்டியலில் எத்தனையாவதாக வரும் என்பது எங்கள் கையில் இல்லை. செயலகத்திலிருந்து பட்டியல் வந்தது. புதன்கிழமை, 38ஆம் எண்.

கேள்வி நேரம் காலை பத்து மணிக்குத் தொடங்கும், ஒன்றரை மணி நேரம். வாரத்தில் சில நாள் அதன் முதல் அரைமணி, முன்கூட்டிப் பட்டியலிடாத சூடான விவகாரங்களுக்காக ஒதுக்கப்படும். 2023 முதல் செவ்வாய்க்கிழமைகளில் பிரதமரே அந்த அரைமணியில் நின்று பதில் சொல்கிறார். மிச்ச நேரத்தில்தான் பட்டியல் நகரும். ஒரு கேள்வி, அமைச்சர் பதில், கேட்டவரின் துணைக்கேள்வி, எதிர்த்தரப்பிலிருந்து இன்னொரு துணைக்கேள்வி, நடுவில் யாராவது ஏதாவது சொல்லி இரண்டு நிமிடம் கூச்சல். 38 வரை அது எப்படி வரும்? இந்திய மக்களவையில் நட்சத்திரமிட்ட கேள்வி என்று ஒரு நாளைக்கு 20தான் வைப்பார்கள், அந்த இருபதுமே முடிவதில்லை என்று அங்கே புலம்புவார்கள். இங்கே பட்டியலாவது நீளம், ஆசைப்பட்டுக்கொள்ளலாம்.

அன்று காலை அந்த அடுக்குமாடியின் கீழே, சாப்பாட்டுக் கடை மேசையில், பத்துப் பதினைந்து பேர் ஒரே கைத்தொலைபேசியைச் சுற்றி உட்கார்ந்து நேரலை பார்த்தார்கள். நானும் அங்கே போயிருந்தேன், போயிருக்கக்கூடாது. பத்தே முக்காலுக்கு மூன்றாவது கேள்வி. பதினொன்றேகாலுக்கு எட்டாவது. பதினொன்றரைக்கு சபாநாயகர் கேள்வி நேரம் முடிந்தது என்றபோது ஒன்பதாவது கேள்வியின் துணைக்கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் ஒருவரும் பேசவில்லை. தே தாரிக் ஆடை கட்டிப்போயிருந்தது.

ஈப்போவிலிருந்து வந்து குடியேறிய ஒரு தாத்தா அந்தக் கூட்டத்தில் இருந்தார். "இதெல்லாம் என்னய்யா? எங்க சீனிவாசகம் இருந்தா எழுந்து நின்னு கிழிச்சிருப்பாரு" என்றார். டி.ஆர். சீனிவாசகத்தைச் சொன்னார். 1960களில் ஓர் அமைச்சர் மீது ஊழல் குற்றம் சாட்டி, அமைச்சர் போட்ட அவதூறு வழக்கிலும் வென்று, அவரைப் பதவி விலக வைத்த ஈப்போ உறுப்பினர். தாத்தாவுக்கு அவை என்றால் அந்த இடிமுழக்கம்தான். எங்கள் ஒய்பிக்குக் குரல் இல்லாமலில்லை, அன்றைக்கு நிமிடம்தான் இல்லை.

உண்மையான ஒரு பொய்

வாய்மொழியாகச் சொல்ல நேரம் கிடைக்காத கேள்விக்கு எழுத்துபூர்வ பதில் வரும். எங்களுக்கும் வந்தது. அந்தப் பதிலை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அமைச்சு லிப்ட் விவகாரத்தைக் கடுமையாகக் கருதுகிறது, பராமரிப்புக்குத் தொடர்ந்து ஒதுக்கீடு செய்யப்படுகிறது, பழுதுகள் கட்டம் கட்டமாகச் சீர்செய்யப்பட்டு வருகின்றன என்று மூன்று பத்தி. குறிப்பிட்ட அந்தக் கட்டடம் பற்றி ஒரே ஒரு வரி: லிப்ட் சேவை இயங்குகிறது.

அந்த வரியைப் படித்துவிட்டு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அமைச்சில் நாடாளுமன்ற விவகாரங்களைக் கவனிக்கிற பிரிவில் இருந்த ஓர் அதிகாரிக்குத் தொலைபேசி போட்டேன். தமிழ்ப் பெண்மணி, என் அக்கா வயது. நான் கத்தி முடிக்கிறவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "தம்பி, நீங்க என்ன கேட்டீங்க? எத்தனை பழுதுன்னு கேட்டீங்க. அறிக்கை வந்த அன்னிக்கு ரெண்டுல ஒண்ணு ஓடிச்சு. அறிக்கையில 'இயங்குகிறது'ன்னு வந்துச்சு. நான் வேற என்ன எழுதுவேன்?"

அப்புறம் அவரே எனக்கு அந்தப் பக்கத்து வேலையை விளக்கினார். கேள்விகள் வந்ததும் பிரிவுகளுக்குப் பிரித்து அனுப்புவார்கள். பிரிவு கீழே அலுவலகத்தைக் கேட்கும், அலுவலகம் ஒப்பந்தக்காரரைக் கேட்கும். அவர் எழுதிக் கொடுப்பது மேலே ஏறி வரும்போது ஒவ்வொரு மேசையிலும் கொஞ்சம் வழவழப்பாகும். அமைச்சரின் கோப்புக்குள் போகும்போது அதில் மூலை முடுக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. அமைச்சரைக் கையில் குத்தக்கூடாதே. அவையில் கேட்கப்படும் என்று நினைக்கிற முதல் பத்துப் பதினைந்து கேள்விக்குத்தான் அதிகாரிகள் இரவு விழித்து எதிர்க்கேள்வி யோசிப்பார்கள். 38ஆம் எண்ணுக்கு யாரும் விழிப்பதில்லை.

இந்த உரையாடல்தான் என் கண்ணைத் திறந்தது. 'எத்தனை' என்று கேட்டால் எண் வரும். 'என்ன நடவடிக்கை' என்று கேட்டால் 'எடுக்கப்பட்டு வருகிறது' என்று வரும். மலாயில் 'செடாங் டிஅம்பில் திண்டாக்கான்' என்பார்கள், எந்தப் பதிலின் வாலிலும் ஒட்டக்கூடிய சொற்றொடர். அந்த அம்மா கேட்ட 'எப்போது' என் கேள்வியில் இல்லவே இல்லை.

அவசரம் என்றால் என்ன?

இடையில் தீபாவளி வந்தது. பதினான்காம் மாடிக்கு முறுக்குத் தட்டுகளைப் படியேற்றினார்கள். திறந்த இல்ல உபசரிப்பைக் கீழே லிப்ட் முகப்பில் பாய் விரித்து நடத்தினார்கள், மேலே ஏற விருந்தாளிகளுக்குத் தெம்பில்லை. நவம்பர் நடுவில் இரண்டாவது லிப்டும் முற்றாக நின்றது. அன்று பெரியவரை ஏற்ற இயலாமல் கீழ்வீட்டுக்காரர் வீட்டிலேயே இரவு படுக்க வைத்தார்கள்.

ஒய்பி அவசரத் தீர்மானம் கொடுத்தார். மக்களவை விதி 18(1). அவையின் அலுவலை நிறுத்திவைத்து ஒரு விவகாரத்தைப் பேச அனுமதி கேட்பது. மூன்று நிபந்தனை உண்டு: திட்டவட்டமான விவகாரமாக இருக்க வேண்டும், பொதுமக்கள் நலன் சார்ந்ததாக இருக்க வேண்டும், உடனடித் தன்மை இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து நிற்க வேண்டும், இரண்டு மட்டும் போதாது.

தீர்மானம் சபாநாயகர் அறையிலேயே நிராகரிக்கப்பட்டது. திட்டவட்டம், சரி. பொதுநலன், இருக்கலாம். ஆனால் செப்டம்பரிலிருந்து தொடர்கிற பிரச்சினை திடீரென்று எழுந்த அவசரமாகாது. எனக்கு அன்று எரிச்சல்தான். இன்று நிதானமாக யோசித்தால் சபாநாயகர் விதிப்படிதான் நடந்தார். நாடு முழுவதும் நின்றுபோன லிப்டுக்கெல்லாம் அவையை நிறுத்தினால் பட்ஜெட் அடுத்த ஆண்டும் முடியாது. விதிக்கும் வாழ்க்கைக்கும் 'அவசரம்' என்ற சொல்லில் ஒத்துப்போவதில்லை, அவ்வளவுதான். நீண்டநாள் வலியாக இருப்பதாலேயே அவசரமில்லை என்று ஆகிவிடுகிறது.

நேரம் யாருடையது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் ஒன்று இந்த அவையிலேயே உண்டு. 2020 மார்ச் 9ஆம் தேதி தொடங்கவிருந்த கூட்டம் மே 18க்குத் தள்ளிப்போனது. பிரதமர் முகைதீன் யாசின் மீது டாக்டர் மகாதீர் கொடுத்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை அப்போதைய சபாநாயகர் முகமட் அரிப் ஏற்றுக்கொண்டதாக அறிவித்தும் இருந்தார். பிறகு நிகழ்ச்சி நிரல் மாறியது. ஒரே நாள் கூட்டம், மாமன்னரின் உரை மட்டும், விவாதம் கிடையாது. தீர்மானத்தை யாரும் தோற்கடிக்கவில்லை, அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கப்படவில்லை, அவ்வளவே. ஜூலை 13ஆம் தேதி அதே சபாநாயகரை மாற்றும் தீர்மானம் 111க்கு 109 என்று நிறைவேறியது. விதி 15 அரசாங்க அலுவலுக்கு முன்னுரிமை தருகிறது. உறுப்பினர் கொண்டுவரும் தீர்மானங்கள் பட்டியலின் கடைசியில் மாதக்கணக்கில் தூங்கும். 2016 மே மாதம் பாஸ் கட்சித் தலைவர் ஹாடி அவாங்கின் தனிநபர் மசோதா முன்னால் வந்தது என்றால், ஓர் அமைச்சர் எழுந்து அதற்கு வழிவிடச் சொன்னதால்தான். வரிசையை நகர்த்துகிற கை எப்போதும் அரசாங்கத்தின் பக்கம்தான் இருக்கிறது. அந்தக் கைக்கு முன்னால் எங்கள் லிப்ட் எந்த மூலை?

சின்ன அறை

நிராகரிப்போடு ஒரு வழியும் வந்தது. கமார் காஸ், அதாவது சிறப்பு அவை. 2016இல், பண்டிகார் அமின் மூலியா சபாநாயகராக இருந்தபோது தொடங்கியது. பெரிய அவையில் நேரம் கிடைக்காத அவசரத் தீர்மானங்களையும் ஒத்திவைப்பு உரைகளையும் எடுத்துக்கொள்ள ஓர் இணை அவை. யோசனை இங்கே பிறந்ததில்லை. ஆஸ்திரேலியா 1994லேயே இப்படி ஓர் அவையை வைத்தது, 2012இல் அதற்குக் கூட்டரசு அவை என்று பெயர் மாற்றியது. பிரிட்டன் 1999இல் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் தொடங்கியது. மூன்று இடத்திலும் காரணம் ஒன்றுதான்: ஒரே அறையில் எல்லோருக்கும் நேரம் போதவில்லை.

சேவை மையத்தில் பலருக்கு இது பிடிக்கவில்லை. "குப்பைத்தொட்டி லா, அங்கே போட்டா யாருக்குத் தெரியும்?" என்றார் ஒருவர். நியாயமான பேச்சு. நிருபர்கள் வருவதில்லை, வாக்கெடுப்பு இல்லை, மறுநாள் நாளிதழில் படம் வராது. ஒய்பியும் அரைமனதோடுதான் ஒப்புக்கொண்டார்.

நான் இந்த முறை உரையை வேறு மாதிரி எழுதினேன். சொல்ல விரும்பிய கதையைச் சொல்ல இங்கே இடம் உண்டு. கேள்விக்கு இருக்கிற கட்டுப்பாடு உரைக்கு இல்லை. நாற்காலி திரும்பி வந்தது. ஆனால் கதைக்குப் பிறகு மூன்றே மூன்று கேள்வி: ஒப்பந்தம் யாரிடம் இருக்கிறது, உதிரிப் பாகம் வாங்கப் பணம் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டதா, எந்தத் தேதியில் லிப்ட் ஓடும்? உரையின் ஒரு படியை முதல் நாளே அந்த அக்காவுக்கு அனுப்பிவைத்தேன். ஒளித்து வைத்துக் கேட்டால் மேடைக்கு நன்றாக இருக்கும், பதில் வராது. தெரியப்படுத்திக் கேட்டால் அவர்கள் தயாராக வர வேண்டியிருக்கும்.

பிற்பகல் இரண்டரை மணி. அன்னாசித் தோல் போட்ட அந்தக் கோபுரத்தையும், பதினொரு முக்கோணக் கூரையையும் 1963இலிருந்து எத்தனை பேர் படம் பிடித்திருப்பார்கள்! எங்கள் விவகாரம் நடந்தது அந்தக் கூரைக்குக் கீழே இல்லை. குழுக்கூட்ட அறை போல ஓர் அறை. குளிரூட்டி எலும்பைத் துளைத்தது. தலைமை வகிப்பவர், துணையமைச்சர், முறை வருவதற்குக் காத்திருந்த இரண்டு மூன்று உறுப்பினர்கள், பின்வரிசையில் அதிகாரிகள். மொத்தம் ஒரு பேருந்தின் முன்பாதி அளவுக்குக் கூட ஆள் இல்லை.

ஒய்பி "துவான் யாங் டி-பெர்துவா" என்று தலைமை வகிப்பவரை விளித்துத் தொடங்கி, நாற்காலிக்கு வந்தார். கெருசி பிளாஸ்டிக் மேரா என்றார். துணையமைச்சர் தலையைத் தூக்கினார். பெரிய அவையாக இருந்தால் இந்நேரம் யாராவது குறுக்கே புகுந்து வேறெங்கோ இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். இங்கே இழுக்க ஆளில்லை. கேட்கிறவரும் பதில் சொல்கிறவரும் எதிரெதிரே, நடுவில் ஒரு மேசை.

துணையமைச்சர் எழுதிவைத்த பதிலைப் படித்தார். பழைய மூன்று பத்தி அதிலும் இருந்தது. ஆனால் ஒப்பந்தக்காரர் மாற்றப்பட்டதும், மோட்டார் பாகத்துக்கு ஒப்புதல் கிடைத்ததும் புதிதாக இருந்தன. முடிவில் "டிசம்பர் மாதத்துக்குள்" என்றார்.

ஒய்பி எழுந்து விளக்கம் கேட்டார். "டிசம்பருக்கு 31 நாள் இருக்கிறது. எந்த நாள்?"

துணையமைச்சர் தாளைப் பார்த்தார். தாளில் இல்லை. பின்வரிசையில் அந்த அக்கா ஏற்கெனவே ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதிக்கொண்டிருந்தார். தாள் கை மாறி மேசைக்கு வந்தது. துணையமைச்சர் படித்தார், ஒரு கணம் திரும்பிப் பார்த்தார், அவர் தலையசைத்தார். "டிசம்பர் 15க்குள்."

அவ்வளவுதான். கைதட்டல் இல்லை, அடுத்த உறுப்பினர் தன் தொகுதியின் வடிகாலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மூன்று மாதமாக நாங்கள் தேடியது ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளில் வந்தது. அந்தத் தாளை அவர் முன்கூட்டியே எழுதத் தொடங்கியதற்குக் காரணம், அந்த நேரத்தில் அவருக்குக் கவனிக்க ஒரே ஒரு விவகாரம்தான் இருந்தது. கேள்வி நேரத்தில் நாற்பது விவகாரம் இருக்கும். இந்த வேறுபாட்டை எந்த விதிப்புத்தகமும் சொல்வதில்லை.

ஒட்டிய தாள்

சின்ன அறையில் கொடுத்த வாக்கு சின்னதாகவே காணாமல் போகும், அந்தப் பயம் இருந்தது. சிறப்பு அவைக்கும் ஹன்சாட் உண்டு, அதாவது பேசியதெல்லாம் பதிவாகும் அவைக்குறிப்பு. சரிபார்க்கப்படாத பிரதி என்ற குறிப்போடு நாடாளுமன்ற இணையத்தளத்தில் போடுவார்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்து, 'டிசம்பர் 15' என்ற இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு, இரண்டு லிப்ட் கதவுக்கும் நடுவில் ஒட்டினோம். மலாயில் இருந்ததால் கீழே தமிழிலும் சீனத்திலும் கையெழுத்தில் மொழிபெயர்த்தோம். சீன எழுத்துக்குப் பன்னிரண்டாம் மாடியிலிருந்து ஒரு ஆசிரியை வந்தார். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கருவிப்பெட்டியோடு வந்தபோது முதலில் நின்று படித்தது அந்தத் தாளைத்தான். இரண்டாவது நாள் யாரோ பேனாவால் 'இன்னும் 13 நாள்' என்று எழுதினார்கள். பிறகு தினமும் ஒருவர் அடித்துவிட்டுத் திருத்தினார். யாரென்று நான் விசாரிக்கவில்லை.

15ஆம் தேதி லிப்ட் ஓடவில்லை. பாகம் துறைமுகத்தில் நின்றது என்றார்கள். 16ஆம் தேதி காலை நான் அந்த அக்காவுக்குத் தொலைபேசி செய்ய, ஹலோ சொல்லும் முன்பே "தெரியும், தெரியும்" என்றார். 19ஆம் தேதி ஒரு லிப்ட் ஓடியது. பெரியவர் அதில் இறங்கினார். மருமகன்கள் பழக்கதோஷத்தில் நாற்காலியையும் உள்ளே தூக்கிவைத்துக்கொண்டார்கள்.

ஈப்போ தாத்தா என்னைக் கீழே பார்த்தபோது, "என்ன, சீனிவாசகம் மாதிரி கிழிச்சிட்டாரா ஒய்பி?" என்று கேட்டார். நான் ஹன்சாட்டைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். "இவ்வளவு மெதுவாவா பேசினாங்க?" என்றார். நம்பாதவர் போலத்தான் முகம் இருந்தது.

அம்மா மட்டும் லிப்ட் முகப்பில் நின்று அந்தத் தாளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். தாளைக் கிழிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். மற்ற லிப்ட் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது, கதவில் மரப்பலகை ஆணி அடித்தபடி.

"இதுக்கு எப்ப?" என்றார்.

அடுத்த ஆண்டின் முதல் கூட்டம் தொடங்கும் தேதியைத் தொலைபேசியில் தேடி, அதிலிருந்து பத்து வேலை நாளைப் பின்னோக்கி எண்ணினேன். சீனப் புத்தாண்டு விடுமுறை நடுவில் வந்து எண்ணிக்கையைக் குழப்பியது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன்.